ரொபொத்தா: ரோபோவின் தாய்ச்சொல்

ரோபோ செக் மொழி தந்த சொல் என்பது பலருக்கும் தெரியும். வினாடி வினாவில் கேட்டுக் கேட்டுப் பழசாகிப்போன கேள்வி அது. அதன் வேரான ரொபொத்தாவுக்கு என்ன பொருள் என்று தேடினால்தான் குழப்பம். 'கடின உழைப்பு' என்று ஒருவர் எழுதுகிறார், 'அடிமை வேலை' என்று இன்னொருவர். இரண்டும் கொஞ்சம் தள்ளித்தான் விழுகின்றன. கடின உழைப்பில் ஒரு பெருமை ஒட்டிக்கொண்டிருக்கிறது. அடிமை என்றால் விற்கவும் வாங்கவும்படுகிற ஆள். ரொபொத்தா செய்தவனுக்குக் குடிசை உண்டு, பெரும்பாலும் கொஞ்சம் நிலமும் உண்டு. வசதியானவனிடம் ஏர் மாடோ குதிரையோ கூட இருக்கும். ஆனால் வாரத்தில் சில நாட்கள் அவனுக்குச் சொந்தமில்லை. அந்த நாட்களில் பிரபுவின் வயலில் கூலியில்லாமல் உழ வேண்டும், அறுக்க வேண்டும், விறகு வெட்ட வேண்டும், வண்டி ஓட்ட வேண்டும். இந்தக் கடமைக்குத்தான் ரொபொத்தா என்று பெயர். இதற்கு நேரான தமிழ்ச்சொல் நம் கல்வெட்டிலேயே இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் வேர். பழைய ஸ்லாவிய மொழியில் 'ரபு' என்றால் அடிமை. அவன் நிலைமை, அவன் வேலை என்ற பொருளில் பிறந்தது 'ரபொத்தா'. ஜெர்மன் மொழியில் உழைப்பைக் குறிக்கும் 'அர்பைட்' இதற்குத் தூரத்து உறவு. இன்னும் பின்னால் போனால், கிரேக்க மொழியில் அனாதையைக் குறிக்கும் 'ஒர்ஃபனொஸ்' என்ற சொல்லும் இதே குடும்பத்தில் வந்து சேர்கிறது. ரஷ்யர், போலந்துக்காரர், ஸ்லோவாக்கியர் எல்லோருக்கும் இன்று இது சாதாரண 'வேலை'தான். செக் மக்கள் அன்றாட வேலைக்கு 'ப்ராத்ஸெ' என்று தனிச்சொல் வைத்துக்கொண்டு, ரொபொத்தாவைக் கசப்புக்கென ஒதுக்கிவிட்டார்கள். போலந்து எல்லையை ஒட்டிய நிலக்கரி நகரமான ஒஸ்த்ராவா பக்கம் மட்டும் பேச்சுவழக்கில் 'ரொபொத்தாவுக்குப் போகிறேன்' என்பார்கள். சுரங்கத்தில் இறங்கியவர்களின் ஊரில் அந்தச் சொல் பொருந்தித்தான் போகிறது.

கசப்பு எப்படி ஏறியது? செக் தலைநகர் பிராகாவுக்குப் போகிறவர்களை வழிகாட்டிகள் வெள்ளை மலைக்கு அழைத்துப் போவார்கள். நகரின் மேற்கு ஓரத்தில் உள்ள மேடு. 1620 நவம்பர் 8 அன்று, செக் நிலத்தின் பெரும்பகுதியான பொகீமியாவின் பிரபுக்கள் திரட்டிய படை அங்கே வியன்னாவிலிருந்து ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச வம்சத்தின் படையிடம் தோற்றது. தோற்றவர்களின் நிலங்கள் பறிக்கப்பட்டுப் புதிய எசமானர்கள் கைக்குப் போயின. 1648 வரை நீண்ட முப்பதாண்டுப் போர் ஊர்களைக் காலியாக்கியிருந்தது. ஆள் குறைந்தால் கூலி ஏற வேண்டும் என்பது சந்தைக் கணக்கு. எசமானர் போட்ட கணக்கு வேறு: இருக்கிற ஆளை ஊரைவிட்டு நகரவிடாமல் பிடித்துவைத்து, வேலை நாட்களைக் கூட்டிக்கொண்டே போவது.

1680இல் விவசாயிகள் கிளர்ந்தார்கள். கிளர்ச்சியை அடக்கிய பேரரசர் லெயோபோல்டு, ரொபொத்தா வாரம் மூன்று நாளைத் தாண்டக்கூடாது என்று ஆணை போட்டார். ஆணை காகிதத்தில் மட்டும் இருந்தது. 1770களின் தொடக்கத்தில் கொடும் பஞ்சம். 1775இல் மறுபடி கலகம். வடகிழக்குப் பொகீமியாவில் ரித்தின்யெ என்ற சிற்றூரில் விவசாயிகள் தங்களுக்கென ஒரு 'அரசாங்கமே' அமைத்துக்கொண்டார்கள். அந்தோனின் நீவ்ல்த் என்ற ஊர்த்தலைவர் அதற்குத் தலைவர். பிராகாவை நோக்கி நடந்த கூட்டத்தின் ஒரு பகுதியை ஹ்லுமெத்ஸ் என்ற ஊரில் படை மடக்கியது. ஓட வழியில்லாமல் குளத்தில் விழுந்து மாண்டவர்களும் உண்டு. இன்றும் ஒரு காரியம் படுதோல்வியில் முடிந்தால் செக்காரர் சொல்வது: 'ஹ்லுமெத்ஸில் விவசாயிகள் கதை ஆகிவிட்டது.' கால்பந்தில் தோற்றால்கூட இதைச் சொல்வார்கள்.

அந்த ஆண்டே ஆகஸ்டில் மரியா தெரேசா அரசி ஒரு ஆணை வெளியிட்டார். கட்டும் வரியை வைத்து மக்களை 11 வகுப்பாகப் பிரித்து, நிலமற்றவனுக்கு ஆண்டுக்கு 13 நாள், பெரிய விவசாயிக்கு மாட்டோடோ குதிரையோடோ வாரம் மூன்று நாள் என்று அளந்து கொடுத்தது அது. 1781இல் அவர் மகன் இரண்டாம் யோசப், எசமானர் அனுமதி இல்லாமலே மணம் செய்யலாம், ஊர் மாறலாம், பிள்ளையைத் தொழில் கற்க அனுப்பலாம் என்றார். ரொபொத்தா அப்போதும் போகவில்லை. 1848இல் வியன்னா நாடாளுமன்றத்தில், சிலேசியா விவசாயி மகனான ஹன்ஸ் குட்லிஹ் என்ற இளைஞர் தீர்மானம் கொண்டுவந்த பிறகே, செப்டம்பரில் அது சட்டப்படி ஒழிந்தது. அதுவும் சும்மா ஒழியவில்லை. எசமானருக்குத் தர வேண்டிய ஈட்டுத்தொகையில் மூன்றில் ஒரு பங்கை விவசாயியே கட்ட வேண்டியிருந்தது. பாட்டன் காலம் முழுக்க இலவசமாக உழைத்த கடனை அடைக்கப் பேரன் பணம் கட்டிய கதை!

கால் கட்டு அவிழ்ந்த கிராமத்து ஆட்கள் நெசவாலைக்கும் சர்க்கரை ஆலைக்கும் ஒஸ்த்ராவா சுரங்கங்களுக்கும் போனார்கள். ஆஸ்திரியப் பேரரசின் தொழிற்பேட்டையாகச் செக் நிலம் மாறியது இவர்கள் தோளில்தான். பில்சன் நகரில் எமில் ஷ்கொடாவின் ஆலை, ஸ்லீன் நகரில் நமக்கும் செருப்பு விற்ற பாட்டா எல்லாம் இந்தக் காலத்தில் முளைத்தவை. (செக் மொழியில் 'ஷ்கொடா' என்றால் நட்டம், 'அடடா, பாவமே' என்று பொருள். அந்தப் பெயரிலேயே கார் விற்று உலகம் சுற்றுகிறார்கள்.)

இனி ரோபோ என்ற சொல்லை உலகுக்குத் தந்த சாப்பெக் சகோதரர்கள். கரேல் சாப்பெக் 1890இல் பிறந்த ஊர், கலக 'அரசாங்கம்' நடந்த ரித்தின்யெவுக்குப் பக்கத்து ஊர். தந்தை மருத்துவர். பிள்ளைகள் வளர்ந்தது நெசவாலைகள் நிறைந்த ஊபித்ஸெ என்ற சிறுநகரில். 1920இல் கரேல், செயற்கை மனிதர்களை ஆலையில் செய்து விற்கும் ஒரு நாடகத்தை எழுதத் தொடங்கினார். அவர்களை என்ன பெயரிட்டு அழைப்பது? லத்தீன் வேரிலிருந்து 'லபொரி' என்று வைக்கலாம் என்று நினைத்தார். அது புத்தக வாடை அடித்தது. ஓவியரான அண்ணன் யோசபிடம் போய்ச் சொன்னார். படம் வரைந்துகொண்டிருந்த அண்ணன், வாயில் தூரிகையைக் கவ்வியபடியே, 'ரொபொத்துகள் என்று வையேன்' என்று முனகிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பெயரின் புகழ் தன்னைச் சேரக்கூடாது என்று 1933 டிசம்பரில் கரேல் நாளிதழில் எழுதிய குறிப்பினால்தான் இந்தக் கதை நமக்குத் தெரிகிறது.

நாடகத்தில் ஆலைக்காரர் பெயர் ரொஸும். செக் மொழியில் 'ரொஸும்' என்ற ஒலிக்குப் பகுத்தறிவு என்று பொருள். 1921 சனவரியில் பிராகா தேசிய அரங்கில் நாடகம் ஏறியது. அந்த ரொபொத்துகள் தகரமும் திருகாணியும் அல்ல. செயற்கைச் சதையால் பிசைந்து செய்த உடல்கள். முடிவில் எசமானர்களுக்கு எதிராக எழுகிறார்கள். வெளிநாட்டார் அதில் எதிர்காலத்தைப் பார்த்தார்கள். 1775 தெரிந்த செக் ரசிகருக்கு அது எதிர்காலமாக மட்டும் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

சொல் உலகம் சுற்றப் போய்விட்டது, ஊரில் நிகழ்வு திரும்பி வந்தது. 1948க்குப் பிந்தைய பொதுவுடைமை ஆட்சியில் 'செயல் Z' என்று ஒரு ஏற்பாடு. சனி ஞாயிறுகளில் மக்கள் 'தாமாக முன்வந்து' கூலியில்லாமல் கடை கட்ட வேண்டும், நடைபாதை போட வேண்டும். அந்த எழுத்து ஊர் மேம்பாட்டைக் குறிக்கும் செக் சொல்லின் முதலெழுத்து. அதே எழுத்தில்தான் 'இலவசமாக' என்ற சொல்லும் தொடங்கும் என்று மக்கள் சிரித்துக்கொண்டார்கள். வேலைக்குழுவைக் குறித்த 'பிரிகாதா' இன்று கல்லூரிப் பிள்ளைகளின் பகுதிநேர வேலைக்குப் பெயராகிவிட்டது. நல்லவேளை, அதற்குச் சம்பளம் உண்டு. ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் கார் செய்யும் நாட்டில் உடற்கூடு ஒட்டும் வேலையை இப்போது அசல் ரோபோக்கள் பார்க்கின்றன.

சரி, தமிழுக்கு வருவோம். சோழர் கல்வெட்டுகளில் வரிப்பட்டியல்களில் அடிக்கடி வரும் சொல் 'வெட்டி'. வடமொழி 'விஷ்டி'யிலிருந்து வந்தது, பொருள் கூலியில்லாக் கட்டாய வேலை. ரொபொத்தாவுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் நம்மிடம் இல்லை. ஒரு வேறுபாடு உண்டு: சோழர் காலத்து வெட்டி அரசுக்கும் ஊருக்கும் செலுத்திய கடமை, ரொபொத்தா நிலப்பிரபுவுக்கு. பிற்காலத்தில் நம் பக்கமும் பண்ணையாருக்கு வெட்டி செய்தவர்கள் இருந்ததால் இந்த வேறுபாட்டைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

சிக்கல் வேறு இடத்தில். இன்று 'வெட்டி வேலை' என்றால் பயனற்ற வேலை, 'வெட்டியாக இருக்கிறான்' என்றால் சும்மா இருக்கிறான். செய்தவனுக்குப் பயன் இல்லாத வேலை, காலப்போக்கில் யாருக்குமே பயன் இல்லாத வேலையாகி, கடைசியில் வேலையே இல்லாததாகிவிட்டது. கட்டாய வேலையைக் குறித்த சொல் செக் மொழியில் ஓயாமல் உழைக்கும் பொறியாக ஆனது, இங்கே சோம்பேறியின் அடையானது. ஆகவே வரலாற்றுக் கட்டுரையில் 'ரொபொத்தா என்னும் வெட்டி' என்று எழுதி, முதல்முறை 'கூலியில்லாக் கட்டாய வேலை' என்று விளக்கிவிட்டால் போதும்.

மற்ற சொற்களையும் பார்த்தேன். இதே பொருள் தரும் 'அமஞ்சி' பொருத்தமானதுதான், ஆனால் இன்று அகராதியைத் தாண்டி வெளியே வருவதில்லை. இலங்கையின் 'இராசகாரியம்' 1832இல் ஒழிக்கப்பட்டது. அது மன்னருக்குச் செய்த கடமை என்பதால் அந்த நாட்டோடு நிற்பதே நல்லது. 'ஊழியம்' திருவிதாங்கூரில் 19ஆம் நூற்றாண்டில் கூலியில்லாக் கட்டாய வேலையாகவே இருந்தது. இப்போது அது தேவாலயத்தில் இறைப்பணி, அலுவலகத்தில் அரசு ஊழியர். இவ்வளவு மேலே ஏறிவிட்ட சொல்லை மறுபடி கீழே இழுக்க முடியாது.

ரோபோவுக்கு என்ன சொல்வது? 'இயந்திர மனிதன்' சாப்பெக்கின் சதை உடல்களுக்கும் ஒட்டாது, கார் ஆலையில் இருக்கும் ஒற்றைக் கைக்கும் ஒட்டாது. 'தானியங்கி' என்றால் வங்கிப் பணப்பொறியும் அதில் அடங்கிவிடும். 'எந்திரன்' நல்ல ஆக்கம். 2010இல் வந்த படம் அதை வீடுவீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஆனால் அந்த 'அன்' விகுதி கவனிக்க வேண்டியது. செக்கிலும் இதே சங்கடம் உண்டு. நாடகத்தில் ரொபொத்துகளுக்கு உயிருள்ள ஆண்பாலுக்குரிய பன்மை விகுதி, பெண்ணாக இருந்தால் 'ரொபொத்கா'. சமையலறையில் மாவு பிசையும் சாதனத்துக்கும் 'ரொபொத்' என்றுதான் பெயர், அதன் பன்மைக்கோ உயிரற்ற பொருளின் விகுதி. ஒலியில் வேறுபாடு மெல்லியது, எழுத்தில் தெளிவாகத் தெரியும். நாடகத்தை மொழிபெயர்க்கிறவர் 'எந்திரர்' என்று தயங்காமல் உயர்திணையில் எழுதலாம். ஆலையில் கார்க்கூடு ஒட்டும் கைக்கும் வீடு பெருக்கும் வட்டத் தட்டுக்கும் 'ரோபோ' என்ற சொல்லே போதும், 'வந்தது, போனது' என்று அஃறிணை வினையோடு.