வலிப்பு மாத்திரையே வலிப்பைக் கூட்டுமா?

"அக்கா மகனுக்கு ஆறு மாதத்தில் காய்ச்சலோடு முதல் வலிப்பு. இப்போது ஏழு வயது, இரண்டு வார்த்தை சேர்த்துப் பேச வராது. இத்தனை வருடம் கொடுத்த கார்பமசெபைனே வலிப்பை அதிகமாக்கியிருக்கலாம் என்று புது டாக்டர் சொல்கிறார். நம்பலாமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நம்பலாம். பையனைப் பார்க்காமல் இன்ன நோய் என்று நான் சொல்லக்கூடாது, ஆனால் டாக்டர் மனதில் இருப்பது டிராவே நோய்க்குறியாக இருக்கலாம். ஷார்லட் டிராவே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1978இல் விவரித்தது. பிறந்த முதல் வருடத்திலேயே காய்ச்சலோடு நீண்ட வலிப்பு வரும், அப்புறம் அறிவு வளர்ச்சி மெல்லப் பின்தங்கும்.

நரம்பணு, அதாவது நரம்புச் செல், துடிக்க வேண்டுமானால் அதன் சுவரில் உள்ள குட்டி வாயில்கள் திறந்து சோடியம் உள்ளே பாய வேண்டும், பள்ளியில் படித்ததுதான். கார்பமசெபைன், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின் எல்லாம் அந்தச் சோடியம் வாயிலில் போய் ஒட்டும் மருந்துகள். எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம், சும்மா மூடிக் கிடக்கும் வாயிலை இவை அவ்வளவாகச் சீண்டுவதில்லை; ஒருமுறை திறந்து, சோடியத்தை விட்டு, உடனே மறுபடி திறக்க முடியாமல் அடைத்துக்கொண்டு நிற்கிறதே, அந்த நிலையில் இருக்கும் வாயிலைத்தான் பிடித்து வைக்கின்றன. அதனால் நிதானமாகத் துடிக்கும் அணு தப்பித்துவிடும், தறிகெட்டுத் துடிக்கும் அணு மாட்டிக்கொள்ளும். பலருக்கு வலிப்பு அடங்குவது இப்படித்தான்.

ஆனால் மூளையில் தூண்டிவிடும் அணுக்கள் மட்டும் இல்லை, அவற்றை அடக்குகிற பிரேக் அணுக்களும் உண்டு. இவற்றில் ஒரு வகை நொடிக்கு நூறு தடவைக்கு மேல் துடிக்கக்கூடியது, அந்த வேகத்துக்கு நேவ்1.1 என்ற சோடியம் வாயிலைத்தான் பெரிதும் நம்பியிருக்கிறது. அதைச் செய்யும் மரபணு எஸ்சிஎன்1ஏ. டிராவே குழந்தைகள் பலருக்கு அதன் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுது என்று பெல்ஜியத்தில் 2001இல் கண்டுபிடித்தார்கள். 2006இல் சியாட்டிலில் அதே பழுதுள்ள எலிகளின் மூளை அணுக்களில் மின்னோட்டத்தை அளந்தபோது, பிரேக் அணுக்களில் அது வெகுவாகக் குறைந்திருந்தது, தூண்டும் அணுக்களில் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது. எலி மூளையில் மின்னோட்டம் அளக்க எதற்கு அரசுப் பணம் என்று கேட்பவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படிக்கலாம்.

இப்போது கார்பமசெபைன் உள்ளே போகிறது. வேகமாகத் துடிப்பதைப் பிடிப்பதுதான் அதன் குணம், பிரேக் அணுவோ வேகத்தால் பிழைப்பது, அதில் சரியாக வேலை செய்யும் வாயில்களே பாதிதான். அதையும் அடைத்தால் வலிப்பு கூடாமல் என்ன செய்யும்?

அதனால்தான் டாக்டர்கள் வால்ப்ரோயேட், குளோபசாம், ஸ்டிரிபென்டால் என்ற வேறு வலிப்பு மருந்துகள் பக்கம் போகிறார்கள். ஃபென்ஃப்ளூரமின் கதை இன்னும் வேடிக்கை: உடல் இளைக்க விற்ற மாத்திரை, இதய வால்வைக் கெடுக்கிறது என்று 1997இல் சந்தையிலிருந்து எடுத்தார்கள், இதயத்தை அவ்வப்போது எக்கோவில் பார்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு 2020இல் அமெரிக்கா இதே நோய்க்கு அனுமதித்தது.

வலிப்பு வந்தால் இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பவர்களைக்கூட விட்டுவிடலாம், தடுப்பூசிதான் குழந்தையைக் கெடுத்தது என்று பேசுபவர்கள் ஆபத்தானவர்கள். கக்குவான் தடுப்பூசியால் மூளை பாதித்ததாகச் சொல்லப்பட்ட 14 பேரை மெல்போர்ன் குழு ஆராய்ந்து 2006இல் வெளியிட்டது: 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பழுது. ஊசிக் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்து வந்திருக்கலாம், நோய் பிறவியிலேயே இருந்தது.

அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு வலிப்பு உண்டு. அவர்களில் பலருக்குத் தலை சுற்றுகிறது, இரண்டு இரண்டாகத் தெரிகிறது என்று சொல்ல வராது. சாப்பிட மறுப்பான், சுவரில் மோதிக்கொள்வான், நாம் சேட்டை என்போம், அதை அடக்க இன்னொரு மாத்திரை சேரும். ஆகவே மாத்திரை மாறும் வாரங்களில் தூக்கம், நடை, சாப்பாடு, கோபம் எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வையுங்கள், வலிப்பைப் போனில் படம் பிடித்துக் காட்டுங்கள். பழைய மாத்திரையை மட்டும் நீங்களாகவே ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள், நிற்காத வலிப்பாக முடியும். டாக்டர் சொல்லும் கணக்கில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.