தரகர்: தரகு என்னும் சொல்லும் நிலத்தொழிலும்

தரகர் என்றால் விற்பவரையும் வாங்குபவரையும் சேர்த்துவைத்து, விலை பேசி முடித்து, அதற்குரிய கூலியைப் பெறுபவர். அந்தக் கூலிக்கும் அந்தத் தொழிலுக்கும் பெயர் தரகு. ஆண், பெண் இருவருக்கும் இதே சொல்தான்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலம் கைமாறும் இடங்களில் இந்தச் சொல்லைத் தொழில் செய்பவர்களே வாயால் சொல்லத் தயங்குகிறார்கள். "ரியல் எஸ்டேட் பண்றேங்க" என்பார்கள். விசிட்டிங் கார்டில் ஏஜென்ட், கன்சல்டன்ட், ப்ராப்பர்ட்டி அட்வைசர், ஓசூர்ப் பக்கம் வந்தால் ரியல்டர். "ரியல் எஸ்டேட் பண்றேன்" என்பதைக் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. மனைப்பிரிவு போட்டு விற்கும் முதலாளியா, தன் பணத்தில் நிலம் வாங்கி விற்கும் வியாபாரியா, இரண்டு பேரைச் சேர்த்துவைப்பவரா? இந்த மூன்றும் மூன்று தொழில்கள். பொறுப்பும் சட்டமும் மூன்றுக்கும் வேறு. கடைசித் தொழிலுக்குத் தமிழில் சரியான, பழமையான, கௌரவமான சொல் இருக்கிறது. அதைத் தலை நிமிர்ந்து சொல்லலாம் என்பதே எங்கள் கருத்து.

தரகு என்பது 'தருதல்' என்ற வினையோடு ஒலியிலும் பொருளிலும் ஒட்டி வரும் சொல். ஒருவர் பொருளை இன்னொருவர் கைக்குத் தருவிக்கும் வேலை. மலையாளத்திலும் தரகு உண்டு. தரகன் என்பது அங்கே குடும்பப் பெயராகவே நிலைத்திருக்கிறது. சோழர் செப்பேடுகளில் ஊரை இறையிலியாகக் கொடுக்கும்போது விட்டுக்கொடுத்த வரிகளை வரிசையாக எழுதுவார்கள். அந்த வரிசையில் "தறிப்புடவையும் தரகும் தட்டாரப்பாட்டமும்" என்று வருகிறது. ஒரு பக்கம் தறிமேல் போட்ட வரி, மறுபக்கம் பொற்கொல்லர்மேல் போட்ட வரி, நடுவில் தரகின்மேல் போட்ட வரி. நெசவும் பொன்வேலையும் போல, அரசு கணக்கில் வைத்து வரி வாங்கிய தொழில் இது. ஒளித்துச் செய்ய வேண்டிய தொழிலாக அன்றைக்கு யாரும் அதை எழுதவில்லை.

பிறகு ஏன் பெயர் கெட்டது? பெரும்பங்கு 'இடை' என்ற ஒட்டுக்குத்தான். தரகர் என்றாலே இருவருக்கு நடுவில் நிற்பவர். அதற்கு மேல் 'இடைத்தரகர்' என்பது மிகை. ஆனால் அந்த மிகைச்சொல் தனிப்பொருள் பெற்றுவிட்டது. அரசு அலுவலகங்களில் "இடைத்தரகர்களை அணுக வேண்டாம்" என்று எழுதிவைத்திருப்பது, வேலையை முடித்துத் தருவதாகச் சொல்லிக் காசு பறிப்பவர்களைப் பற்றி. விவசாயியிடம் அடிமாட்டு விலைக்கு வாங்குபவரையும் செய்திகளில் இடைத்தரகர் என்றே எழுதுகிறார்கள், அவர் உண்மையில் வியாபாரியாக இருந்தாலும். இந்தக் கறை தரகர் என்ற மூலச்சொல்லிலும் படிந்துவிட்டது. தொழில் செய்பவர்கள் 'இடை'யை ஒட்டாமல் தரகர் என்று மட்டும் சொல்லிப் பழகினால் பாதிக் கறை போய்விடும்.

மாற்றாகப் புழங்கும் சொற்களையும் பார்த்துவிடலாம். புரோக்கர் என்பது ஆங்கிலத்துக்குப் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. முதலில் மதுப்பீப்பாயைத் திறந்து சில்லறையாக விற்றவரைக் குறித்தது. தமிழில் அதற்கு ஏற்பட்ட கெட்ட வாடை பற்றி விளக்கத் தேவையில்லை. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம் பேசுபவர்கள் தல்லாளி என்பார்கள், தெலுங்கு பேசுபவர்கள் தளாரி என்பார்கள். இரண்டுக்கும் வேர் அரபியின் தல்லால், அதாவது வழிகாட்டுபவர். அழகான பொருள்தான். மூன்று மொழியும் புழங்கும் அந்தப் பகுதியில், வருபவர் எந்த மொழியில் கேட்டாலும் புரிந்துகொள்ள இந்தச் சொற்களைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ரியல்டர் என்ற சொல்லைக் கார்டில் போடுபவர்கள் அதன் வரலாற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். அது 1916-ல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் சார்லஸ் சாட்போர்ன் என்ற நிலத்தரகர் புதிதாக உண்டாக்கிய சொல். சங்கத்தில் சேர்ந்து அதன் நெறிமுறையை ஏற்றுக்கொண்ட தரகர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டுவதற்காக உண்டாக்கினார். இன்றைக்கும் அது அங்குள்ள ரியல்டர்கள் சங்கத்தின் பதிவு பெற்ற வணிகச் சின்னம். அந்தச் சங்கத்தில் இல்லாத ஒருவர் கார்டில் அச்சடித்தால் அது எந்தத் தகுதியையும் சொல்லாது.

ரியல் எஸ்டேட் என்பதில் உள்ள 'ரியல்' உண்மை என்ற பொருளில் வரவில்லை. லத்தீனில் 'ரெஸ்' என்றால் வஸ்து, அதாவது உடைமைப் பொருள். ஆங்கிலேயச் சட்டத்தில், பறிபோன நிலத்தை நிலமாகவே மீட்கப் போடும் வழக்கு ஒரு வகை. ஆள்மேல் போட்டு ஈட்டுத்தொகை வாங்கும் வழக்கு இன்னொரு வகை. முதல் வகையில் மீட்கக்கூடிய சொத்துக்கு ரியல் எஸ்டேட் என்று பெயர் வந்தது. ஆகவே 'மெய்ச்சொத்து' என்று சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது பயன்படாது. பத்திரத்தில் அசையாச் சொத்து, பேச்சில் நிலம், மனை, வீடு. இதுவே போதும்.

முகவர் என்ற சொல்லில்தான் நிதானிக்க வேண்டும். ஏஜென்ட்டுக்குத் தமிழ் முகவர் என்பது சரிதான். காப்பீட்டு முகவர், வாக்குச்சாவடி முகவர் என்று ஊன்றிவிட்டது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 182-ஆம் பிரிவில் ஏஜென்ட்டை வரையறுக்கிறது: இன்னொருவருக்காக ஒரு செயலைச் செய்யவோ, மூன்றாம் நபர்களிடம் அவர் சார்பில் நிற்கவோ அமர்த்தப்பட்டவர். அதாவது முகவர் ஒரு பக்கத்தின் ஆள். நிலப்பத்திரங்களில் இந்தச் சொல்லுக்கு இன்னும் குறுகிய பொருள் உண்டு. பொது அதிகார ஆவணம், பேச்சுவழக்கில் 'பவர்', எழுதி வாங்கியவரைப் 'பொது அதிகார முகவர்' என்று எழுதுவார்கள். அவர் உரிமையாளருக்குப் பதிலாகக் கையெழுத்தே போடலாம். இந்த நிலையில் தரகு மட்டும் செய்பவர் "நான் இந்த இடத்துக்கு முகவர்" என்றால், கேட்பவர் இவரிடம் பவர் இருப்பதாக நினைத்து அச்சாரத்தை நீட்டிவிடுவார். சண்டை அங்கேதான் தொடங்கும். பவர் இருந்தாலும், எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவுப்படி சாதாரணமாக அது முடிந்துபோகும். ஆகவே பவர் முகவரிடம் வாங்கும்போது, எழுதிக்கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்பதும் தரகரின் வேலைதான்.

எங்கள் தீர்ப்பு இது. இருவரையும் சேர்த்துவைப்பவர் நிலத்தரகர் அல்லது மனைத்தரகர். ஒரு பக்கத்துக்காக மட்டும், எழுத்தில் அமர்த்தப்பட்டு வேலை செய்பவர் விற்பனை முகவர். மனைப்பிரிவு நிறுவனத்துக்காக மனைகளை விற்றுக்கொடுப்பவர்கள் இந்த வகை. தன் பணத்தைப் போட்டு வாங்கி விற்பவர் நில வியாபாரி.

மூன்றாவதை மறைத்துக்கொண்டு முதலாவதாகத் தன்னைச் சொல்வதுதான் இந்தத் தொழிலின் பெரிய கேடு. உரிமையாளரிடம் சென்ட் 1 லட்சத்துக்குப் பேசி அக்ரிமென்ட் போட்டுக்கொண்டு, வாங்க வருபவரிடம் சென்ட் 1.30 லட்சம் என்று சொல்லி, "எனக்குத் தரகு மட்டும்தாங்க" என்பார்கள். அக்ரிமென்ட் போட்டு விற்பது குற்றமல்ல, அது வியாபாரம். ஆனால் உரிமையாளருக்கு முகவராக இருந்துகொண்டே அவருக்குத் தெரியாமல் தன் கணக்கில் வியாபாரம் செய்தால், ஒப்பந்தச் சட்டத்தின் 216-ஆம் பிரிவு அந்த லாபத்தைக் கேட்கும் உரிமையை உரிமையாளருக்குக் கொடுக்கிறது. பத்திரம் எழுதும் நாளில் இரண்டு தரப்பும் ஒரே மேசைக்கு வரும். அப்போது விலை வெளிப்பட்டு, கிரயம் பாதியில் நின்றுபோவது இதனால்தான்.

மாட்டுச் சந்தையில் தரகர் வாங்குபவரின் கையைப் பிடித்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, விரல்களைத் தொட்டுத் தொகையைச் சொல்வார். வெளியே நிற்பவருக்குத் துண்டு அசைவது மட்டும் தெரியும். மாட்டுக்கு அந்த முறை வேலை செய்தது. மாடு எதிரிலேயே நிற்கும், பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், காசு கொடுத்ததும் கயிறு கை மாறும். நிலத்தில் அப்படியில்லை. வாங்குபவர் கண்ணால் பார்ப்பது மண்ணை. உண்மையில் வாங்குவதோ உரிமையை. உரிமை காகிதத்தில் இருக்கிறது. ஆகவே நிலத்தரகரின் பெருமை மறைத்துப் பேசும் திறமையில் இல்லை, காகிதத்தைத் திறந்து காட்டும் திறமையில் இருக்கிறது.

இந்த இரண்டு மாவட்டங்களில் அந்தத் திறமைக்குத் தனிப் பாடம் உண்டு. தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2-ல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004 பிப்ரவரி 9-ல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. ஆகவே கிருஷ்ணகிரியில் உள்ள ஒரே நிலத்தின் பழைய பத்திரம் 'சேலம் ஜில்லா' என்றிருக்கும், நடுவில் வந்தது 'தருமபுரி மாவட்டம்' என்றிருக்கும், கடைசிப் பத்திரத்தில்தான் கிருஷ்ணகிரி. வெளியூரிலிருந்து, குறிப்பாகப் பெங்களூரிலிருந்து வாங்க வருபவர் இதைப் பார்த்து மிரண்டுபோவார். தாய்ப்பத்திரத்திலிருந்து வரிசையாக வைத்து, சர்வே எண்ணும் நான்கெல்லையும் (பத்திர மொழியில் செக்குபந்தி) எப்படித் தொடர்ந்து வருகின்றன என்று காட்ட வேண்டும். அந்த வரிசையில் ஒரு கண்ணி விட்டுப்போயிருந்தால், அல்லது உட்பிரிவு எண் மாறியதற்குக் காகிதம் இல்லையென்றால், விலை பேசுவதை அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

அளவும் அப்படித்தான். ஒரு சென்ட் 435.6 சதுர அடி, 100 சென்ட் ஒரு ஏக்கர். ஓசூர்ப் பக்கம் குண்டே கணக்கு: 40 குண்டே ஒரு ஏக்கர், ஒரு குண்டே 1,089 சதுர அடி, அதாவது 2.5 சென்ட். 30-க்கு 40 'சைட்' என்பது 1,200 சதுர அடி, சென்ட்டில் ஏறக்குறைய 2.75. பட்டாவிலோ ஹெக்டேரும் ஏரும் (100 ஏர் ஒரு ஹெக்டேர்) இருக்கும். பரப்பு 0 - 40.50 என்றிருந்தால் அது 40.50 ஏர், ஏறக்குறைய ஒரு ஏக்கர். அதை 40 சென்ட் என்று படித்தால் விலைப்பேச்சே தலைகீழாகிவிடும். பட்டாவின் பரப்பையும், புலப்படத்தின் (சர்வே எண்ணின் எல்லை அளவுகளைக் காட்டும் வரைபடம்) அளவையும், தரையில் கல் இருக்கும் இடத்தையும் ஒத்துப் பார்த்த பிறகே வாயால் ஓர் அளவைச் சொல்ல வேண்டும்.

பட்டா இருந்தாலே போதும் என்பதும் தவறு. அரசு ஒப்படை நிலம், பஞ்சமி நிலம், பூமிதான நிலம், கோயில் இனாம் போன்றவற்றில் நிபந்தனை இருக்கும். அ-பதிவேட்டை, அதாவது கிராமத்து நிலங்களின் வகையைக் குறித்துவைக்கும் வருவாய்த்துறைப் பதிவேட்டை, பார்க்காமல் அது தெரியாது. கூட்டுப் பட்டாவில் அண்ணன் தம்பிகள் மட்டும் கையெழுத்துப் போட்டு அக்கா தங்கைகளை விட்டுவிட்ட கிரயங்கள் பிறகு நீதிமன்றத்துக்குப் போகின்றன. மனையாக இருந்தால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகாரத்தைப் பார்க்க வேண்டும். "பஞ்சாயத்து அப்ரூவல்" என்ற பேச்சை நம்பக்கூடாது. அங்கீகாரம் இல்லாத மனைப்பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்துக்கு 2016 அக்டோபர் 20 எல்லை நாள். அதற்குப் பின் பிரித்த அங்கீகாரமற்ற மனையைக் காட்டுவதே தவறு.

இனி அறிமுகம். தன் தொழிலைப் பெருமையோடு சொல்வதற்கு உரத்த குரல் தேவையில்லை, துல்லியம் தேவை. ஊர், எந்த வகை நிலம், யார் சார்பில், தரகு எவ்வளவு, பதிவு உண்டா என்ற ஐந்தும் முதல் இரண்டு நிமிடத்தில் வந்துவிட வேண்டும். பதிவு பற்றிப் பின்னால் பார்ப்போம்; மற்ற நான்கும் பேச்சில் இப்படி வரும்:

"வணக்கங்க. நான் நிலத்தரகருங்க. காவேரிப்பட்டணம், பர்கூர் பக்கம் விவசாய நிலமும் வீட்டு மனையும் பார்த்துத் தர்றேன். இந்த இடம் விக்கறவங்க சொல்லித்தான் காட்டறேன், பவர் என் பேர்ல இல்லைங்க. முடிஞ்சா ரெண்டு பக்கமும் நூத்துக்கு ஒண்ணு தரகு, பத்திரம் முடிஞ்ச அன்னைக்கு. தாய்ப்பத்திரம், வில்லங்கம், பட்டா காப்பி எடுத்து வெச்சிருக்கேன், உங்க வக்கீல்கிட்ட காட்டிட்டு வாங்க."

நூற்றுக்கு ஒன்று என்பது சட்டம் வைத்த அளவல்ல. 1 அல்லது 2 என்பது வழக்கம், பேசி முடிவு செய்வது. ஆனால் இடத்தைக் காட்டும் முன்பே சொல்லிவிட வேண்டும். இடம் பிடித்த பிறகு சொன்னால் பேரமாகும், கிரயத்தன்று சொன்னால் தகராறாகும். கூடவே செலவுக் கணக்கையும் சொல்வது நல்ல தரகருக்கு அடையாளம்: கிரயத்துக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அச்சாரத்தை ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கைமாற்றக்கூடாது என்ற வருமான வரி விதியையும் நினைவூட்ட வேண்டும்.

"பதிவு உண்டா" என்று கேட்டால் நேராகப் பதில் சொல்ல வேண்டும். 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், பேச்சில் ரேரா, 9-ஆம் பிரிவில் தரகருக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. அது திட்டங்களில் உள்ள மனை, வீடு, கட்டடம் விற்பதற்குத்தான். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ 8-க்கு மேற்பட்ட வீடுகளாகவோ வரும் திட்டங்கள் அந்தச் சட்டப்படி அமைந்த ஆணையத்தில் பதிவாக வேண்டும்; பதிவாகாத திட்டத்தின் மனையைப் பதிவு பெற்ற தரகரும் விற்றுத்தரக் கூடாது. மீறினால் நாளொன்றுக்கு 10,000 ரூபாய், மனை மதிப்பில் 5 சதவீதம் வரை தண்டம். தனி ஆள் விற்கும் விவசாய நிலத்துக்கு இந்தப் பதிவு தேவையில்லை. இரண்டையும் பார்ப்பவர் "மனைப்பிரிவுக்குப் பதிவு எண் இருக்குங்க, தோட்ட நிலத்துக்கு அது வராது" என்று பிரித்துச் சொன்னால், கேட்பவருக்கு இவர் தொழில் தெரிந்தவர் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே விளங்கிவிடும்.

கார்டிலும் பலகையிலும் "நிலம், மனைத் தரகு" என்று தமிழில் எழுதி, பெயருக்குக் கீழே பதிவு எண்ணைப் போட வேண்டும். 'இடை' வேண்டாம், 'முகவர்' வேண்டுமானால் யாருக்கு என்பதும் சேர வேண்டும். பலகையில் தமிழ், ஆங்கிலம், பிற மொழி மூன்றும் வந்தால் எழுத்துக்குரிய இடம் 5:3:2 என்ற கணக்கில் இருக்க வேண்டும் என்பது கடைகள் பற்றிய மாநில விதி. ஓசூரில் கன்னடமோ தெலுங்கோ சேர்த்து எழுதுபவர்கள் ஓவியரிடம் இந்த அளவை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.