சிலுவை: சொல் விளக்கம்

சிலுவை, பெயர்ச்சொல். நட்ட மரத்தின் மேல் குறுக்குமரம் பொருத்திய கொலைக்கருவி. பின்னாளில் கிறிஸ்தவர்களின் அடையாளம்.

மூலம் சுரியானி. அங்கே 'ஸ்லீவா'. இயேசு பேசிய அரமேயத்தின் கிளைமொழி அது. அரபியின் 'ஸலீப்' இதற்குப் பங்காளி. போர்ச்சுகீசியர் வருவதற்கு வெகுகாலம் முன்பே நம் கரைகளில் சுரியானியில் வழிபட்டவர்கள் இருந்தார்கள். சுரியானியில் வழிபட்ட பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு, சென்னைப் பரங்கிமலையில் 1547-இல் கிடைத்த பஹ்லவி (பழைய பாரசீக) எழுத்துக் கற்சிலுவையே சாட்சி. போர்ச்சுகீசியர் தம் பங்குக்கு 'குரூஸ்' கொண்டுவந்தார்கள். அது 'குருசு' ஆகி, தென்மாவட்டங்களில் 'குருசடி'யாக (சிலுவை நட்ட சிறு வழிபாட்டிடம்) இன்றும் நிற்கிறது.

நற்செய்திகளின் கிரேக்கச் சொல் 'ஸ்தௌரோஸ்'. முதற்பொருள் வெறும் நட்ட கம்பம். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோமர் வைத்திருந்த தண்டனை அது. ஸ்பார்ட்டகஸ் தலைமையில் அடிமைகள் செய்த கலகம் அடங்கிய கி.மு. 71-இல் ஏறத்தாழ 6,000 பேரைக் கப்புவாவிலிருந்து ரோம் வரை சாலையோரமாகவே அறைந்தார்கள். 1968-இல் எருசலேமில் ஒரு கல்லறையைத் தோண்டியபோது குதிகால் எலும்பு ஒன்று கிடைத்தது. பக்கவாட்டில் அடித்த இரும்பு ஆணி, முனை வளைந்து, அதிலேயே சிக்கியிருந்தது. சிலுவையைப் பற்றிய செய்தி கெட்டுப்போகிறவர்களுக்குப் 'பைத்தியமாக' இருக்கிறது என்று பவுல் எழுதியது (1 கொரிந்தியர் 1:18) இந்தப் பின்னணியில்தான். கழுத்துச் சங்கிலியில் தங்கத்தில் தொங்கும் சிலுவையைப் பார்த்துப் பழகிய நமக்கு அந்த வாக்கியம் பாதிதான் புரியும்.

சரி, நல்ல தமிழில் என்ன சொல்லலாம்? கழுமரம் என்பார்கள் சிலர். பொருந்தாது. கழு உடலைத் துளைத்து ஏறுவது. சிலுவை உடலைத் தொங்கவிட்டு மெல்ல மெல்லக் கொல்வது. 'குறுக்குமரம்' வடிவத்தைச் சொல்லும், சாவைச் சொல்லாது. என் கணக்கில் சிலுவையே தமிழ்தான்: சிலுவைப்பாதை, சிலுவைமுத்து என்று ஊருக்குள் குடியேறிவிட்ட சொல். அதோடு சேரும் வினை, 'அறைதல்', முழுக்க நம்முடையது. சுத்தியல் சத்தம் அதிலேயே கேட்கிறது.

வழக்கில் ஒரு சறுக்கல் உண்டு. தீராத நோய், அடையாத கடன், ஒத்துவராத மாமியார் எல்லாமே 'என் சிலுவை'. இவை தானாக வந்து தலையில் விழுந்தவை. இயேசு சொன்னதோ, பின்பற்ற விரும்புகிறவன் தானே எடுத்துக்கொள்வது. லூக்கா (9:23) மட்டும் அதில் 'அநுதினமும்' என்று சேர்க்கிறார். கொலைக்களத்துக்கு மரம் சுமந்து போனவர்களை நேரில் பார்த்தவர்கள் காதில் அது எப்படி விழுந்திருக்கும்!