தலை மூழ்கினால் செடிக்கும் மூச்சு முட்டும்

போன செவ்வாய்க்கிழமை வேளச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டடி மீன் தொட்டி. மூடியைத் திறந்ததுமே குப்பென்று அழுகல் நாற்றம். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தன. உள்ளே ஏழு லக்கி பாம்பூ தண்டுகள், அடி முதல் நுனி வரை தண்ணீருக்குள். ஒன்றைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் கையோடு உரிந்து வந்தது. உள்ளே மஞ்சள் கூழ். அந்த வீட்டுச் சிறுமி அதற்குள் ஆறு மோலி மீன்களை ரோஜாச் செடியடியில் புதைத்திருந்தாள். "தண்ணீர்ச் செடி என்றுதானே கடையில் கொடுத்தார்கள், அங்கிள்?" என்று கேட்டாள். இந்த மாதத்தில் இது நான்காவது வீடு.

"லக்கி பாம்பூ தண்ணீரில்தானே வளர்கிறது?" நான் போகும் வீடுகளில் பாதிப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள். வரவேற்பறைக் கண்ணாடிக் குவளையில் இருப்பதை ஒரு முறை உற்றுப் பாருங்கள். வேர் தண்ணீரில் இருக்கிறது. இலை காற்றில் இருக்கிறது. அது மூங்கிலே இல்லை. ஆப்பிரிக்கக் காட்டில் வளரும் டிரசீனா வகை, தரைச் செடி. அதன் இலை காற்றில்தான் மூச்சு விடும். நெல்லும் தண்ணீரில்தான் நிற்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இளம்பயிர் தலை மூழ்கி ஒரு வாரம், பத்து நாள் கிடந்தால் டெல்டா விவசாயி என்ன பாடுபடுகிறார்? இரவோடு இரவாக வடிகாலை வெட்டுகிறார். கால் நனைவது வேறு, தலை முழுகுவது வேறு. தொட்டிக்குள்ளும் அதேதான்.

மூழ்கிய லக்கி பாம்பூ உடனே சாகாது என்பதுதான் கொடுமை. தண்டில் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு மூன்று, நான்கு வாரம் பச்சையாகவே நிற்கும். பிறகு அழுகும், அம்மோனியா ஏறும், மீன் சாகும். அதற்குள் செடி வாங்கியதே மறந்து, மீன் தீனியின் மேல் பழி போடுவோம்.

இப்படி நீர்ச்செடி என்று விற்கப்படும் தரைச் செடிகள் இன்னும் உண்டு: சிங்கோனியம், மாண்டோ புல், வெள்ளைக் கோடு போட்ட ஸ்பைடர் பிளான்ட், ஊதா இலை ஹெமிகிராபிஸ். மணி பிளான்ட்டை மட்டும், இலை முழுவதும் வெளியே இருக்க, வேரைத் தொட்டிக்குள் தொங்க விடுங்கள். மீன் கழிவில் சேரும் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும்.

கடையில் செடியைத் தண்ணீரிலிருந்து தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலான நீர்ச்செடிகள் நனைந்த துணி போலத் துவண்டு விழும். தரைச் செடி விறைத்து நிற்கும். தடித்த இலை கொண்ட அனுபியாஸ் போன்ற சில செடிகள் விலக்கு. அவை விறைப்பாகவே இருக்கும், ஆனால் தண்ணீருக்குள் நன்றாக வாழும்.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் முதலில் தருவது வாலிஸ்னேரியா. நம் நாட்டு நீர்நிலைகளிலேயே வளர்வது. சென்னை மே மாதத்தில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினாலும் தாங்கும். நீளமாக வளரும் என்பதால் பின்வரிசையில் வையுங்கள். நடுவில் கிரிப்டோகோரைன் வென்டி, இலங்கை ஓடைகளின் செடி. நட்ட சில நாட்களில் இலை எல்லாம் கரைந்து போகலாம். பதறிப் பிடுங்காதீர்கள், தயவுசெய்து. வேர் உயிரோடு இருக்கும். சில வாரங்களில் புதுக் குருத்து வரும். நான் பார்த்த வரையில், செத்த கிரிப்டோகோரைனைவிடப் பொறுமையிழந்து குப்பையில் போடப்பட்டதே அதிகம்.

அனுபியாஸையும் ஜாவா பெரணியையும் ஜல்லிக்குள் புதைக்காதீர்கள். எத்தனை முறை சொல்வது! இலைகள் கிளம்பும் அந்தக் கிடைத்தண்டு புதைந்தால் அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ வைத்துப் பருத்தி நூலால் கட்டுங்கள். நூல் மக்குவதற்குள் வேர் பிடித்துக்கொள்ளும். தங்கமீன் வளர்ப்பவர்களுக்கு இந்த இரண்டையே சொல்வேன். மற்றவற்றைக் கீரை போல மேய்ந்துவிடும்.

வாங்கியபடியே கொத்தாக நட வேண்டாம். அடியில் சுற்றிய உலோகப் பட்டையையும் பஞ்சையும் எடுத்துவிட்டு, தண்டுகளைப் பிரித்து, இரண்டு விரல் இடைவெளியில் ஒவ்வொன்றாக நடுங்கள். நெருக்கினால் அடி இலைக்கு வெளிச்சம் போகாது. முன்பக்கம் மீன் நீந்த வெற்றிடம் விடுங்கள். வேர் பிடிக்கக் குறைந்தது இரண்டு அங்குல மணல் வேண்டும். வண்ணக் கற்கள் போதாது. விளக்கு ஒரு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் போதும். ஜன்னல் வெயில் வேண்டாம், பாசி பிடிக்கும். இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுத்துக்கொள்கிறது. "செடி இருக்கிறதே" என்று ஏர் பம்பை நிறுத்தாதீர்கள்.

வெட்டிய கிளைகளை ஏரியிலோ கிணற்றிலோ வீசாதீர்கள். ஆகாயத்தாமரையும் (வெங்காயத்தாமரை) தென் அமெரிக்காவிலிருந்து அழகுக்காக வந்த செடிதான். நம் ஏரிகளை அது மூடிக் கிடப்பதைப் பார்க்கிறீர்கள். தொட்டிகளில் வளர்க்கும் கபொம்பா என்ற நீர்ச்செடியும் அதே வேலையைச் செய்யக்கூடியது. வெட்டியதை மொட்டை மாடி வெயிலில் சருகாகும் வரை காயவைத்து, பிறகு குப்பையில் போடுங்கள்.