கிதார்: யாழின் பெயர், வீணையின் உடல்

கிதார், கித்தார், கிட்டார், கிடார் என்று நான்கு விதமாக எழுதுகிறோம். ஆங்கில ஒலிப்பைப் பிடித்துக்கொண்டால் 'கிட்டார்' வரும். சொல் பிறந்த இடத்தைப் பார்த்தால் 'கிதார்'தான் நெருங்கி நிற்கிறது. எனக்கு அதுவே சரியாகப் படுகிறது.

வேர் கிரேக்கத்தில் இருக்கிறது. ஹோமரின் காவியங்களில் 'கிதாரிஸ்' என்றும் பின்னர் 'கிதாரா' என்றும் வரும் சொல் அது. அரபியில் 'கீதாரா', ஸ்பானியத்தில் 'கிதார்ரா' என்று நடந்து, பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்குப் போனது. ஜெர்மானியரின் 'சிதர்' என்ற கருவிப் பெயரும் இதே வேரில் கிளைத்ததுதான். நம் சிதாரின் பெயர் பாரசீகத்திலிருந்து வந்தது: 'சே' என்றால் மூன்று, 'தார்' என்றால் தந்தி. ஓசை ஒத்துப்போகிறது என்பதற்காக மட்டும் கிதாரையும் சிதாரையும் ஒரே வேரில் கட்டிவிடக் கூடாது.

பெயர் கிரேக்கத்தது, கருவி அங்கிருந்து வந்ததல்ல. கிதாரா என்பது மரப்பெட்டியிலிருந்து எழும் இரண்டு கைகள், மேலே ஒரு குறுக்குச் சட்டம், இடையே பெரும்பாலும் ஏழு நரம்புகள் கொண்டது. அழுத்திப் பிடிக்கக் கழுத்தும் இல்லை, கழுத்தின் குறுக்கே சுரத்தைப் பிரிக்கும் மெட்டும் இல்லை. அதாவது யாழின் இனம். இன்றைய கிதாரோ மெட்டுகளில் விரலை அழுத்தி ஒரே தந்தியில் பல சுரங்களை எடுக்கும் வீணையின் இனம். அதனால் கிதாருக்கு 'யாழ்' என்று பெயர் வைத்தால் சொல்லின் வரலாற்றுக்குப் பொருந்தும், கருவிக்குப் பொருந்தாது. 'நரம்பிசைக் கருவி' என்றால் வயலினும் அதில் அடங்கிவிடும். கிதார் என்றே வைத்துக்கொள்வதுதான் நேர்மை.

தந்தி விஷயத்தில் மட்டும் தமிழுக்குக் குறையே இல்லை. நரம்பு, தந்தி, கம்பி என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. ஸ்பானியக் கிதாரில் முதலில் நான்கு இணைத் தந்திகள், பிறகு ஐந்து இணை. ஆறு ஒற்றைத் தந்திகள் நிலைபெற்றது 18ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான். அவற்றில் மேல் சுரம் தருபவை ஆட்டுக் குடலை முறுக்கிச் செய்தவை. 'நரம்பு' என்ற சொல் அவற்றுக்கு அச்சாகப் பொருந்தும்.

1940களில் கிதார் செய்பவரான ஆல்பர்ட் அகஸ்டின் நைலானில் தந்தி செய்தார். ஸ்பானியக் கிதார் கலைஞர் செகோவியா அதை மேடையேற்றினார். இன்றைய கிளாசிக்கல் கிதாரில் மேல் சுரம் தரும் மூன்றும் வழவழப்பான நைலான் இழைகள். கீழ்ச் சுரத்துக்கான மூன்றும் பார்வைக்கு உலோகமாகத் தெரியும். அறுந்த ஒன்றை எடுத்து நுனியைப் பாருங்கள்: சுற்றிய மெல்லிய செப்புக் கம்பிக்குள்ளிருந்து பஞ்சுபோல நைலான் நார்கள் பிரிந்து நிற்கும். இவற்றைத் 'தந்தி' என்பதே பொருத்தம்.

எஃகுத் தந்திகளுக்குக் 'கம்பி' என்று சொல்லலாம். அக்கூஸ்டிக் கிதாரின் தடித்த கம்பிகளில் எஃகின் மேல் வெண்கலம் சுற்றியிருக்கும். எலெக்ட்ரிக் கிதாரில் பெரும்பாலும் நிக்கல் பூசிய எஃகு. அங்கே காந்தம்தான் அதிர்வைப் பிடிக்கிறது, நைலானை மாட்டினால் அதற்கு ஒன்றுமே கேட்காது. பன்னிரண்டு கம்பிக் கிதாரில் இணை இணையாக வரும். கீழ்ச் சுரம் தரும் நான்கு இணைகள் ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பிகளுக்கும் இடையே ஒரு ஸ்தாயி வித்தியாசம் இருக்கும்.

நைலான் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ, எஃகு ஆறும் 70 கிலோவுக்கு மேல். நைலானுக்காகச் செய்த கிதாரில் கம்பியை மாட்டினால், தந்திகளைத் தாங்கும் கட்டையான 'குதிரை' பெயர்ந்து கையோடு வந்துவிடக்கூடும். ஆகவே தந்தி மாற்றும் முன் 'நைலானா, கம்பியா' என்று பார்த்துக்கொள்ளுங்கள்.