பேச்சுரிமையின் எல்லையைக் கூட்டம் வகுப்பதில்லை

ஈரோடு, நாமக்கல் வட்டாரத்தில் வழக்காடும் எனக்கு, கைபேசியில் எழுதிய சில வரிகளுக்காகக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டதே என்று கலங்கி வருபவர்களைச் சந்திப்பது வழக்கமாகிவிட்டது. இரவில் சாயக்கழிவை வாய்க்காலில் திறந்துவிடுகிறார்கள் என்று ஊர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியவரும் வருகிறார்; பட்டியல் சாதியினரை இழிவுபடுத்திய செய்தியைப் பலருக்கு அனுப்பியவரும் வருகிறார். இருவரும் கேட்பது, "எனக்குப் பேச்சுரிமை இல்லையா?" என்ற ஒரே கேள்விதான். சட்டம் இருவருக்கும் ஒரே பதிலைச் சொல்வதில்லை.

அரசமைப்புச் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் பேச்சு, கருத்துரிமையை வழங்குகிறது. அதற்கான வரம்புகள் 19(2) பிரிவில் உள்ளன: நாட்டின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், அரசின் பாதுகாப்பு, அயல்நாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கநெறி, நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் புரியத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் இல்லாத புதுக் காரணத்தைக் காட்டிப் பேச்சுரிமையைக் கட்டுப்படுத்த முடியாது என்று 2023இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு கௌஷல் கிஷோர் வழக்கில் தெளிவாக்கியது. அதோடு, விதிக்கும் கட்டுப்பாடு நியாயமானதாகவும் சட்டத்தின் வழியே வந்ததாகவும் இருக்க வேண்டும். 'எங்கள் மனம் புண்பட்டது' என்பது அந்தப் பட்டியலில் ஒரு காரணமாக இல்லை என்பதை நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் அறியாமலிருக்கிறார்கள்.

இதற்கு நாம் வெகுதூரம் போய் எடுத்துக்காட்டுத் தேட வேண்டியதில்லை. திருச்செங்கோட்டைக் களமாகக் கொண்ட 'மாதொருபாகன்' நாவலுக்கு எதிர்ப்புக் கிளம்பியபோது, 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் ஒரு சமாதானக் கூட்டம் நடந்தது. நிபந்தனையற்ற மன்னிப்பும் விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறும் உறுதியும் அங்கே எழுத்தாளர் பெருமாள்முருகனிடம் எழுதி வாங்கப்பட்டன. இனி எழுதப்போவதில்லை என்று அவர் அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம், அந்த உடன்பாட்டுக்குக் கட்டுப்படுத்தும் வலிமை ஏதுமில்லை என்று தீர்ப்பளித்தது. நூலின் மீதான குற்றச்சாட்டுகளையும் ஏற்கவில்லை. கொங்குப் பகுதியில் பேசவும் எழுதவும் முனையும் ஒவ்வொருவரும் அந்தத் தீர்ப்பைப் படித்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில் சமாதானம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளும் பழக்கம் காவல் நிலையத்திலும் ஊர்க்கூட்டத்திலும் இன்றும் தொடர்கிறது. அமைதியைக் காக்க வேண்டிய பொறுப்பு, மிரட்டியவர்களை விட்டுவிட்டுப் பேசியவரின் தலையிலேயே சுமத்தப்படுகிறது.

சாயக்கழிவைப் பற்றி எழுதியவரின் நிலைக்கு வருவோம். நிறுவனத்துக்கும் நற்பெயர் உண்டு என்பதால் அவதூறு வழக்குத் தொடுக்க அதற்கு வழி இருக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவு இதற்கு இரண்டு ஆண்டு வரை சிறைத் தண்டனை விதிக்க இடமளிக்கிறது. ஆனால் பொது நன்மைக்காகச் சொல்லப்பட்ட உண்மை அவதூறாகாது என்பது அதே பிரிவின் முதல் விதிவிலக்கு. அந்த விதிவிலக்கை நிறுவும் சுமை சொன்னவரையே சேரும் என்பதால், தேதியுடன் கூடிய படங்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு அனுப்பிய புகாரின் நகல், தகவல் உரிமைச் சட்டத்தில் பெற்ற பதில் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அவதூறு, நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்யக்கூடிய குற்றமுமல்ல. பாதிக்கப்பட்டவர் நீதிமன்றத்தில்தான் முறையிட வேண்டும்.

சாதியை இழித்த செய்தியை அனுப்பியவருக்கு என்னால் அவ்வளவு ஆறுதல் சொல்ல இயலாது, சொல்ல விருப்பமும் இல்லை. 'நான் எழுதவில்லை, வந்ததை அனுப்பினேன்' என்ற வாதத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023இல் ஒரு வழக்கில் ஏற்க மறுத்தது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது பகைமையையோ வெறுப்பையோ வளர்க்க முயல்வது 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம். அச்சட்டத்தின் 18ஆம் பிரிவு, கைதாகும் முன்பே பெறும் முன்பிணைக்கும் தடை போடுகிறது. ஒரு மக்கள் கூட்டத்தின் மாண்பை மிதிப்பது கருத்தைச் சொல்வதாகாது.

மற்ற பேச்சுக் குற்றங்களில், மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உடையவற்றுக்கு, வழக்குப் பதியும் முன் துணைக் கண்காணிப்பாளரின் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதல்நிலை விசாரணை நடத்த பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(3) பிரிவு வழி செய்கிறது. சமூக ஊடகத்தில் பகிர்ந்த கவிதைக்காகத் தொடரப்பட்ட இம்ரான் பிரதாப்கடி வழக்கில் 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியதோடு, சொற்களின் விளைவை மனவுறுதி கொண்டவர்களின் நோக்கில் அளக்க வேண்டும், எதையும் தாங்காதவர்களின் நோக்கில் அல்ல என்றும் கூறியது.

ஆகவே காவல் நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தால், அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவின் கீழ் எழுத்துமூலமான அறிவிப்பைக் கேளுங்கள். அறிவிப்பு வந்தால் தவறாமல் நேரில் செல்லுங்கள். பயத்தில் செய்தியை அழித்துவிடாதீர்கள், அது சாட்சியத்தை அழித்த பழியைக் கொண்டுவரக்கூடும். வழக்கறிஞரைக் கேட்காமல் எந்த மன்னிப்புக் கடிதத்திலும் கையெழுத்திடாதீர்கள். கட்டணத்துக்கு வழியில்லையென்றால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும், ஆலைத் தொழிலாளர்களுக்கும் வருமானத்தைப் பார்க்காமலே அங்கே வழக்கறிஞர் உதவி கிடைக்கும்.