எது வந்தாலும் சரி என்று சொன்ன டெஸ்ட்

ஆர்டரை ரத்து செய்த ஒரு வாடிக்கையாளருக்கு 640 ரூபாய் திரும்பியிருக்க வேண்டும். அவர் கணக்குக்குப் போய்ச் சேர்ந்தது 6 ரூபாய் 40 காசு. ‘சில்லறை தேடி அலைந்திருப்பீர்கள், பாவம்’ என்று மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தின் ஐந்தாம் மாடியில் உட்கார்ந்து அதைப் படித்தபோது எங்கள் டெஸ்ட்கள், அதாவது நிரல் சரியாக வேலை செய்கிறதா என்று தானாகச் சோதிக்கும் சிறு நிரல்கள், அத்தனையும் பச்சை, தேர்ச்சி. அந்த ரீஃபண்டைச் சோதிக்கும் டெஸ்டும் பச்சைதான். அதை எழுதியவள் நான்.

அந்தக் கட்டணச் சேவை தொகையைப் பைசாவில் கேட்கும். 640 ரூபாய் என்றால் 64000 என்று அனுப்ப வேண்டும். நிரலைத் திருத்தியபோது நூறால் பெருக்கும் வரி விடுபட்டுவிட்டது. மனிதர்கள் எழுதும் நிரலில் இது நடக்கும். நடந்தால் கூச்சல் போடத்தான் டெஸ்டை வைத்திருக்கிறோம். என் டெஸ்ட் ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

வெளிச் சேவையை ஒவ்வொரு டெஸ்டிலும் உண்மையாக அழைக்க முடியாது. அதன் இடத்தில் ஒரு போலியை, அதாவது மாக்கை, உட்கார வைக்கிறோம். அது பணம் அனுப்பாது. தன்னை எந்த மதிப்புகளோடு அழைத்தார்கள் என்று மட்டும் குறித்து வைத்துக்கொள்ளும். பிறகு நாம் விசாரிக்கிறோம்: ‘இந்த எண்ணோடு, இந்தத் தொகையோடு உன்னை அழைத்தார்களா?’ அந்த ‘இந்த’ எவ்வளவு இறுக்கமானது என்பதைச் சொல்வதுதான் மேட்சர். ஜாவா மொழியில் இத்தகைய போலிகளை உருவாக்கித் தரும் மாக்கிட்டோ நூலகத்தைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஈக்யூ என்றால் இதே மதிப்பு, எனி என்றால் எது வந்தாலும் சரி, ஆர்க்தட் என்றால் நாம் எழுதித் தரும் நிபந்தனை. பைத்தானில் 3.3 பதிப்பிலிருந்து மாக் வசதி மொழியோடேயே வருகிறது. அங்கும் ஓர் எனி உண்டு.

மாநகரப் பஸ்ஸில் கூட்ட நேரத்தில் நடத்துநர் அருகே வந்ததும் யாராவது ‘பாஸ்’ என்பார். நடத்துநர் தலையசைத்துவிட்டு அடுத்தவரிடம் நகர்ந்துவிடுவார். எனி என்பது அந்தத் தலையசைப்பு. பையில் இருப்பது போன மாதத்துப் பாஸா என்று யாருக்குத் தெரியும்?

என் டெஸ்டில் முதலில் இரண்டு மதிப்புகளையும் அப்படியே எழுதியிருந்தேன். ரீஃபண்ட் எண் ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாவதால் டெஸ்ட் விழுந்துகொண்டே இருந்தது. எண்ணின் இடத்தில் எனிஸ்ட்ரிங், அதாவது எந்த எழுத்துச்சரம் வந்தாலும் சரி, என்று போட்டேன். மாக்கிட்டோ ஏற்கவில்லை. ஓர் இடத்தில் மேட்சர் வந்தால் அந்த அழைப்பின் எல்லா இடங்களிலும் மேட்சர்தான் வர வேண்டும் என்பது அதன் விதி. தொகையை ஈக்யூவுக்குள் போட்டிருந்தால் வேலை முடிந்தது. நான் எனிலாங், அதாவது எந்த முழு எண் வந்தாலும் சரி, என்று எழுதினேன். வெள்ளிக்கிழமை மாலை, கீழே ஆறு மணி வண்டி காத்திருந்தது. சிவப்பு பச்சையானது. தொகையைப் பார்ப்பதற்கென்றே எழுதிய டெஸ்ட் அன்றோடு தொகையைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டது.

அதன் பிறகு மற்றவர்களின் நிரலைப் படிக்கும்போதெல்லாம் இதே வழுக்கலைப் பார்க்கிறேன். தேவையான ஓர் எனிக்குப் பக்கத்தில் தேவையில்லாத இரண்டு எனிகள் துணைக்கு உட்கார்ந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் இறுக்குகிறவர்களும் உண்டு. அதையும் செய்து பார்த்துவிட்டேன். வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி முழுவதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டேன். ஒருநாள் விற்பனைப் பிரிவினர் ‘அன்புள்ள’ என்பதை ‘வணக்கம்’ என்று மாற்றினார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட டெஸ்ட்கள் ஒரே காலையில் விழுந்தன. ஒன்றில்கூட உண்மையான பிழை இல்லை. இப்படி நான்கு முறை நடந்தால் ஆட்கள் என்ன செய்வார்கள்? புதிய வாக்கியத்தை நகலெடுத்து டெஸ்டில் ஒட்டிவிட்டுப் போவார்கள். அந்த வாக்கியத்துக்குள் தொகை தவறாக இருந்தாலும் சேர்த்தே ஒட்டிவிடுவார்கள்.

அந்தக் குறுஞ்செய்தியில் எனக்கு முக்கியமானவை மூன்று: போகும் தொலைபேசி எண், ஆர்டர் எண், தொகை. தொலைபேசி எண்ணை ஈக்யூவில் வைத்தேன். செய்திக்குள் மற்ற இரண்டும் இருக்கின்றனவா என்று ஆர்க்தட்டில் கேட்டேன். வணக்கமோ அன்போ, அது விற்பனைப் பிரிவின் கவலை. ஆனால் ஆர்க்தட்டுக்கு ஒரு குறை உண்டு. நிபந்தனை நீளமாக இருந்தால், அதில் எந்தப் பகுதி தோற்றது என்று அது சொல்லாது. இரண்டு நிபந்தனைக்கு மேல் போனால் ஆர்க்யுமென்ட்கேப்டர் கொண்டு மதிப்பைப் பிடித்து வெளியே எடுத்து, ஒவ்வொன்றாகச் சோதிப்பது என் வழக்கம். (மேட்சர்களை அழகாகக் கோக்கும் ஹாம்கிரெஸ்ட் நூலகத்தின் பெயரே மேட்சர்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லின் எழுத்துகளைக் கலைத்துப் போட்டதுதான். நிரலாளர்களின் நகைச்சுவை இவ்வளவுதான்.)

ஈக்யூவிலும் குழிகள் இருக்கின்றன. ஜாவாவில் தசம எண்களை வைத்துக்கொள்ளும் பிக்டெசிமலுக்கு 640.0 வேறு, 640.00 வேறு. சமமா என்று கேட்டால் இல்லை என்றே சொல்லும், ஏனென்றால் அது தசம இடங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துப் பார்க்கிறது. பணக் கணக்கு எழுதுகிற எவரும் ஒருநாள் இதில் இடறுவார். கடுப்பில் எனிக்குத் தாவிவிட வேண்டாம். மாக்கிட்டோவின் கூடுதல் மேட்சர்களில் சிஎம்பிஈக்யூ என்று ஒன்று உண்டு. அது மதிப்பை மட்டும் ஒப்பிடும்.

நல் (null), அதாவது மதிப்பே இல்லை என்ற குறி, அதன் விஷயமும் இருக்கிறது. 2016இல் வந்த மாக்கிட்டோ 2 பதிப்பிலிருந்து எனிஸ்ட்ரிங் நல்லை ஏற்பதில்லை. வெறும் எனி இன்றும் ஏற்கிறது. பழைய திட்டம் ஒன்றை அந்தப் பதிப்புக்கு மாற்றியபோது சில டெஸ்ட்கள் சிவப்பாயின. பதிப்பைத் திட்டித் தீர்த்துவிட்டு உள்ளே பார்த்தால், எங்கள் நிரல் அத்தனை நாளும் பெயரே இல்லாமல் நல்லைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தது.

இன்னொன்று, பட்டியல்கள். மாக் தனக்கு வந்த பட்டியலை நகலெடுத்து வைத்துக்கொள்வதில்லை, அது எங்கே இருக்கிறது என்பதை மட்டுமே வைத்துக்கொள்கிறது. அனுப்பி முடித்ததும் நிரல் அந்தப் பட்டியலைக் காலி செய்தால், பிறகு விசாரிக்கும் டெஸ்ட் காலிப் பட்டியலைத்தான் காணும். மாக்கிட்டோவிலும் பைத்தானிலும் இப்படித்தான்.

தேதிக்கு எனி போடுவதுதான் எனக்கு அதிகக் கோபம் தருவது. டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் கணினியான பில்ட் சர்வர் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நாம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் இருக்கிறோம். இங்கே நள்ளிரவு தாண்டி விடியற்காலை ஐந்தரை வரை அதற்கு நேற்றுதான். அந்த வேளையில் விழும் டெஸ்டை எனி போட்டுத் தூங்க வைக்கிறார்கள். அங்கே மேட்சரைத் தளர்த்தத் தேவையே இல்லை. கடிகாரத்தை வெளியிலிருந்து கொடுத்து, டெஸ்டில் அதை ஒரு நொடியில் நிறுத்தி வைத்தால் தேதி ஈக்யூவுக்குள் அடங்கிவிடும்.

எனி தீண்டத்தகாதது என்று நான் சொல்லவில்லை. மாக் என்ன பதில் தர வேண்டும் என்று முன்கூட்டிச் சொல்லிவைக்கும் இடத்தில் அது பெரும்பாலும் பொருத்தமானதே. ‘என்ன கேட்டாலும் வெற்றி என்று சொல்’ என்பதில் தவறில்லை. முடிவில் விசாரிக்கும் இடத்தில்தான் அது ஆபத்து.

போன வாரம் அணியில் புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் அந்தப் பழைய டெஸ்டைத் திறந்து காட்டினேன். இப்போது அதில் எண்ணுக்கு எனிஸ்ட்ரிங், தொகைக்கு ஈக்யூ 64000. “இப்போது சரியாகப் பார்க்கிறது என்று எப்படி அக்கா தெரியும்?” என்று கேட்டாள். நூறால் பெருக்கும் வரியை அழிக்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி அழித்துவிட்டு ஓடவிட்டாள். சிவப்பு வந்தது: எதிர்பார்த்தது 64000, வந்தது 640. அழித்த வரியைத் திரும்ப எழுதிவிட்டு, பக்கத்துக் கோப்பைத் திறந்து அங்கிருந்த எனிகளை எண்ணத் தொடங்கினாள். பதினொன்று இருந்தன.